பல்கலைக்கழக இணையதளமும் ஆயக்குடி மாணவரும்



திண்டுக்கல் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மகளிர் கல்லூரிகள் கொடைக்கானலில் 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் படிப்பவருக்குப் பட்டம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. ஆக, பழனியை அடுத்த நம் ஆயக்குடியில் ஒரே தெருவில் அண்ணனும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பையனும் மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் மாணவர்களாக இருக்கக்கூடும். மதுரைக்குப் போவதென்றால் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல், கொடைக்கானலுக்கு மலைப்பாதை, சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். படித்து முடிக்கும்வரை தம் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காதவர்கள் நம் பகுதியில் ஏராளம். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொண்டாலும் பட்டச் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டும். இந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது கைபேசித் திரையில் திறக்கும் ஓர் இணையதளம்தான். தேர்வுக் கட்டணமும் ஹால் டிக்கெட்டும், தேர்வு முடிவும் அரியரும், புரொவிஷனல் சான்றிதழும் அந்தத் திரை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அதனால் அந்தத் தளம் எளிதாக இருக்கிறதா என்ற கேள்வியை அழகு பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மோசமான தளம், பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை மாணவரின் தலையில் இறக்கி வைக்கிறது. அந்த வேலைக்குக் கூலி கொடுப்பவரும் மாணவரே. வளாகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாரோ, வீட்டில் படித்தவர்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அந்தக் கூலி கூடும்.

பயன்பாட்டு எளிமை என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9241 என்ற பன்னாட்டுத் தரத்தின் 11ஆம் பகுதி ஒரு வரையறை தருகிறது. 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்டது அது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கத்தை எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த சிரமத்தில், எவ்வளவு நிறைவோடு அடைகிறார்கள் என்பதே அதன் அளவுகோல். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘குறிப்பிட்ட’ என்பதுதான். பொதுவாக நல்ல தளம் என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு, எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். துணைவேந்தர் அறையில் பெரிய திரையில் அதிவேக இணைப்பில் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒப்புதல் தரப்பட்ட தளம், மாலை ஏழு மணிக்கு அப்பாவின் கைபேசியில், அன்றைய டேட்டா தீரும் நேரத்தில் எப்படித் திறக்கிறது என்பது வேறு விஷயம். நாம் கேட்க வேண்டியது இரண்டாவதை.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அருகிலிருந்து பார்ப்போம். இப்போது சொல்வது பல தளங்களில் பரவலாகக் காணும் அமைப்புகளை ஒன்றுசேர்த்துச் சொல்வது. எந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் சுட்டுவதன்று. செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. ஒரு தாளில் எதிர்பாராத தோல்வி. விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீட்டுக்குப் போட வேண்டும். கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு, எங்கே கட்டுவது என்ற மூன்றும்தான் தெரிய வேண்டும். தளத்தைத் திறந்தால் முதலில் படங்கள் நகர்கின்றன: நுழைவு வளைவு, பட்டமளிப்பு மேடை, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காட்சி. கீழே ஓடும் எழுத்துகள். ஒரு வரியைத் தொடப் போவதற்குள் அது ஓடிவிடுகிறது. அடுத்து அறிவிப்புப் பட்டியல். காவலாளிகளுக்கான டெண்டர், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, கருத்தரங்க அழைப்பு, பேராசிரியர் பணியிட விளம்பரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. சென்ற ஆண்டு அறிவிப்பின் பக்கத்திலும் ‘புதியது’ என்ற குறி மின்னிக்கொண்டிருக்கிறது. தேர்வு என்ற இணைப்பைத் தொட்டால் தேர்வாணையர் அலுவலகத்தின் பணிகள் பற்றிய நீண்ட விளக்கம். அதற்குள் சுற்றறிக்கைகள். ‘ஸ்கேன்’ என்ற சொல்லும் சில எண்களும் மட்டுமே பெயராகக் கொண்ட கோப்பு ஒன்று இறங்குகிறது; பக்கம் படுத்த வாக்கில் இருக்கிறது. தலையைச் சாய்த்துப் படித்தால், அது இணைவு பெற்ற கல்லூரிகளின் முதல்வர்களுக்கு எழுதப்பட்ட கடிதம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாணவரிடம் பேசுவதற்கென்று அந்தத் தளத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அலுவலகம் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தைப் படம் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’, ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று போகும் நடையிலிருந்து தனக்குரிய மூன்று செய்திகளையும் மாணவர்தான் சல்லடை போட்டு எடுக்க வேண்டும். வண்ணத்தையும் படத்தையும் மாற்றி, லட்சங்கள் செலவழித்துப் புதுத் தளம் அமைத்தாலும் இந்தக் கடிதம் அப்படியே இருந்தால் ஒன்றும் மாறியதாகாது.

ஏன் இப்படி ஆகிறது? அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம்; அது முழு உண்மையாகாது. தளத்துக்கு வேறொரு வாசகர் இருக்கிறார். 1994இல் அமைந்த நாக் என்னும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு, தரம் வழங்குவதற்குத் தன்மதிப்பீட்டு அறிக்கையும் அதற்கான ஆவணங்களும் இணைப்புகளாக வேண்டும் என்கிறது. 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கும், கொடுத்த தரவுகளைத் தளத்தில் போட வேண்டியிருக்கிறது. கூட்டக் குறிப்பேடுகளும் விழாப் புகைப்படங்களும் ஆண்டறிக்கைகளும் தளத்தை நிறைப்பதற்கு இது பெரிய காரணம். மதிப்பெண் போடுகிறவர் கேட்டால் உடனே கிடைக்கிறது. மதிப்பெண் வாங்குகிறவர் கேட்பதற்கு வழியில்லை. வெளிப்படைத்தன்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆவணங்களுக்குத் தனியாக ஓர் அறை இருக்கட்டும், முன்வாசலை அடைக்க வேண்டியதில்லை என்கிறேன்.

இந்த நோய் நம்முடையது மட்டுமில்லை. ராண்டால் மன்ரோ என்ற அமெரிக்க ஓவியர் 2010இல் பல்கலைக்கழக இணையதளம் என்ற தலைப்பில் ஒரு சித்திரம் வரைந்தார். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். முகப்புப் பக்கத்தில் இருப்பவை ஒரு வட்டத்தில். மக்கள் தேடி வருபவை மற்றொன்றில். வளாகப் படக்காட்சி, தலைவரின் கடிதம், செய்திக் குறிப்புகள் ஒரு பக்கம். விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, ஆசிரியர்களின் தொலைபேசி எண்கள் மறுபக்கம். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் அவர் எழுதியது ஒன்றே ஒன்று: கல்வி நிறுவனத்தின் முழுப் பெயர். செல்வம் கொழிக்கும் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அந்தச் சித்திரத்தில் தங்களை அடையாளம் கண்டுகொண்டன. பணம் இருந்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இது அசைக்கிறது.

பழனி பேருந்து நிலையத்தில் பேருந்தின் நெற்றியில் போகும் ஊரின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. எந்தக் கோட்டம், எந்தப் பணிமனை என்பது ஓரத்தில் சிறிதாக இருக்கும். பயணிக்கு அது தேவையில்லை. நம் பல்கலைக்கழகத் தளங்கள் பணிமனையின் பெயரை நெற்றியில் எழுதுகின்றன. பதிவாளர், தேர்வாணையர், நிதி அலுவலர், அகத் தர உறுதி மையம், தொலைநிலைக் கல்வி இயக்ககம் என்று பட்டியல் போகிறது. தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்குவது இவற்றில் யார் வேலை என்று முதல் தலைமுறைப் பட்டதாரி எப்படி அறிவார்? பிரிட்டன் அரசு 2012இல் தன் துறைத் தளங்களை ஒன்றாக்கத் தொடங்கியபோது, மக்களின் தேவையிலிருந்து தொடங்கு என்பதையே முதல் வடிவமைப்புக் கொள்கையாக வைத்தது. ‘ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க’ என்பது தலைப்பாக வந்தது. அதைக் கவனிக்கும் துறை அதன்பின் வந்தது.

இனி அந்தக் கூலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளம் புரியாத மாணவர் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே இருப்பவர் விவரமானவர், உதவி செய்பவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் அங்கேயும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். போய்வரும் அரை நாளும் போகும். கொய்யாத் தோட்டத்திலோ தையல் வேலையிலோ அரை நாள் கூலி என்ன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அவசரத்தில் சென்டரின் மின்னஞ்சலும் சென்டரின் கைபேசி எண்ணும் விண்ணப்பத்தில் ஏறிவிடுகின்றன. கடவுச்சொல்லும் அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு ஓ.டி.பி. வருவது யாரோ ஒருவரின் எண்ணுக்கு. ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தக் கடை பூட்டியிருந்தால் மாணவர் தன் பெயரில் உள்ள கணக்கின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலை அரசே ஒப்புக்கொண்ட நிகழ்வு ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறியது. அதுவரை மாணவரும் பெற்றோரும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் இடம் தேர்ந்தெடுத்தார்கள். பயணமும் தங்கும் செலவும் மிச்சம், மாற்றம் நல்லதுதான். இருந்தும் கிராமத்து மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது; கட்டணத்தை டி.டி.யாகவும் பெற்றுக்கொள்ள வழி பிறந்தது. மாநிலம் முழுவதும் 42 உதவி மையங்கள் திறக்கப்பட்டன. கணினியோடு உதவ ஆட்களும் அங்கே இருந்தார்கள். விண்ணப்பிக்கவும் சான்றிதழ் சரிபார்க்கவும் முடிந்தது. இந்த முன்மாதிரியை நான் மதிக்கிறேன். எல்லாரிடமும் இணையம் இருக்கிறது என்ற கற்பனையில் திட்டம் போடாமல், இல்லாதவர் எங்கே போவார் என்று முன்கூட்டியே யோசித்தார்கள். ஆனால் சேர்க்கைக்குக் காட்டிய இந்த அக்கறை, சேர்ந்தபின் நான்காண்டுகள் நடக்கும் நூறு வேலைகளுக்குக் கிடைப்பதில்லை.

சிறு தவறுகளும் சேர்ந்து பெரிதாகின்றன. பெயர் எழுதும் கட்டங்களைப் பாருங்கள். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு முதலெழுத்தும். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரை எழுதுவார். இன்னொருவர் முதலெழுத்தைப் போட, ஓரெழுத்தை ஏற்க முடியாது என்று படிவம் மறுக்கும். மற்றொருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து பின்னால், ஆதாரில் முன்னால், பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் விரிவாக. வேலைக்குப் போகும்போது மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டும். ‘சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இது எழுந்திருக்காது. வேறு நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த வினை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் சான்றிதழில் தழும்பாக நிற்கிறது.

தமிழில் வரும் அறிவிப்புகளின் கதை வேறு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் வலையேறுகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாக விழும். கூகுளில் தேடினால் அகப்படாது. தேட முடியாத அறிவிப்பு, அலமாரியில் பூட்டிய அறிவிப்புக்குச் சமம். பார்வையற்ற மாணவருக்கோ இது முழு மௌனம். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையில் உள்ளதைத் தமிழிலும் படித்துக் காட்டும். யூனிகோடில் எழுதிய பக்கத்தை அது படிக்கும். ஸ்கேன் செய்த படத்துக்கு முன் அது ஊமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடத்தை ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தைப் படமாக வைத்தால் அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன பொருள்? உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆகவே இனி இது பல்கலைக்கழகத்தின் தயவு சார்ந்த விஷயமில்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘பட்டப்படிப்பு படிக்கிற மாணவருக்கு ஒரு தளத்தில் தேடத் தெரியாதா, அதைக் கற்றுக்கொள்வதும் கல்விதானே’ என்பார்கள். கற்றுக்கொள்ளத் தகுந்தவற்றைக் கற்கட்டும். ஆயக்குடி மரத்தடியில் நடக்கும் இலவசப் போட்டித் தேர்வு வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடத் தெரியாதவர்கள் என்று யார் சொல்வது? அவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்டுக்கான தேர்வு அட்டவணை அங்கே முன்கூட்டியே ஒரே ஆவணமாக வருகிறது. அறிவிக்கைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. 2024 குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்தத் தளத்திலும் குறைகள் உண்டு. ஆனாலும் அதே மாணவர் அங்கே முடிப்பதை இங்கே முடிக்கத் திணறுகிறார் என்றால், குறையை மாணவரிடம் தேடுவது நியாயமாகாது.

‘கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வந்துவிடுகிறது, யார் தளத்தைப் பார்க்கிறார்கள்’ என்பது இரண்டாவது மறுப்பு. இது நிலைமையைச் சரியாகச் சொல்கிறது. முடிவைத் தவறாக எடுக்கிறது. தளம் பேசாததால்தான் வாட்ஸ்அப்பும் யூடியூபும் பேசுகின்றன. குழுவில் வந்த தேதி திருத்தப்பட்டதா, போன ஆண்டினதா என்று சரிபார்க்க ஓர் இடம் வேண்டாமா? படிப்பை இடையில் விட்டுவிட்டு அரியர் எழுதுகிறவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஏமாற்றுக்காரர்களும் இந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு தொடர்ந்து வெளியிட வேண்டியிருப்பது எல்லாரும் அறிந்தது. ஏ.சி.இன் என்று முடியும் முகவரிகளை எர்நெட் நிறுவனம் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டுமே தருகிறது. இது நல்ல பாதுகாப்பு. தேர்வு முடிவையும் கட்டணத்தையும் ஏதோ ஒரு தனியார் .காம் முகவரிக்கு மாற்றிவிடும்போது, மெய்யையும் போலியையும் பிரித்தறியும் அந்த ஒரே அடையாளத்தையும் பல்கலைக்கழகமே அழித்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. பணமில்லை, ஆளில்லை என்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடியை நான் அறிவேன். சம்பளத்துக்கே தவிக்கும் இடத்தில் இணையதளத்தைப் பேசுவது பொருந்தாமல் தோன்றலாம். ஆனால் நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்த கணினியிலேயே அது எழுத்தாக இருக்கிறது; அச்சிட்டு, கையெழுத்திட்டு, திரும்ப ஸ்கேன் செய்யும் உழைப்புதான் கூடுதல் செலவு. கோப்புக்குப் பொருளும் தேதியும் சேர்த்துப் பெயரிடுவதற்கு டெண்டர் வேண்டியதில்லை. தளத்தை மாற்றும்போது பழைய முகவரிகள் செத்துப்போகாமல் காப்பதைப் பற்றி வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சோத்கங்கா களஞ்சியத்தில் நிலையான முகவரியோடு பார்க்க முடிகிறது. அதே பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்துக்கும் அது முடியும்.

ஆங்கிலம் பயிற்றுமொழி, ஆகவே தளமும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும் என்பவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவைக் காட்டுகிறேன். தகவலைத் தாமாக வெளியிடும்போது வட்டார மொழியையும் அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. மகளுக்குக் கட்டணம் கட்டும் தாய்க்கும் அந்தத் தளம் சொந்தம். தமிழில் ஒரு கல்வித் தளத்தைச் செம்மையாக நடத்த முடியும் என்பதற்கு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சான்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அதன் பாடங்களும் அகராதிகளும் நூல்களும் கடவுச்சொல் கேட்காமல் திறக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது ஒரு சோதனை. பயனர்கள் ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் குறைகளில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் செமஸ்டருக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். மறுமதிப்பீட்டுக் கடைசி நாளைக் கண்டுபிடி, மதிப்பெண் பட்டியல் நகலுக்கு விண்ணப்பி, பாடத்திட்டத்தை எடு என்று மூன்று வேலைகள் கொடுத்து, பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுக்கி நின்றார்கள் என்பதை எழுதி, அதையும் தளத்திலேயே வெளியிட வேண்டும். அந்த ஐவரும் வளாகத்துக்கு வெளியே வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஒருவராவது பார்வையற்றவராகவும், ஒருவராவது வீட்டின் முதல் பட்டதாரியாகவும் இருக்க வேண்டும். சோதனையை வளாகக் கணினிக்கூடத்தில் நடத்தாமல் ஆயக்குடி போன்ற ஊர்களில், மாணவரின் சொந்தக் கைபேசியில், கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் நடத்த வேண்டும்.